செம்பல்லிக்கு முதல் மூன்று நொடி

முட்டுக்காடு பக்கம் உப்பங்கழியில் ஒரு பழைய பாலத்தூண் நிழலில் லூர், அதாவது பொய் இரை, போட்டுக்கொண்டிருந்தேன். காலை ஆறரை மணி இருக்கும். விரல் நீள லூர் தூணை உரசினாற்போல் விழுந்தது. ரீலை (தூண்டில் நரம்பு சுற்றும் கருவியை) ரெண்டு சுற்றுதான் சுற்றியிருப்பேன், கையில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு அதிர்வு. ராடின், அதாவது தூண்டில் கோலின், நுனி வளைந்து தண்ணீரைத் தொட்டது. ரீல் ஒருமுறை கரகரவென்றது. அப்புறம் ஒன்றுமில்லை. நரம்பு காற்றில் தளர்ந்து ஆடியது. இழுத்துப் பார்த்தால் கடைசி ஒரு முழம் சொரசொரவென்று தேய்ந்து அறுந்திருந்தது. மொத்தமும் மூன்று நொடிக்குள் முடிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளிக் கைத்தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "செம்பல்லி தம்பி. அது வீட்டுக்குப் போயிடுச்சு" என்றார்.

லூர் போட்டு இந்த மீனைப் பிடிக்க நினைக்கிற புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. வேறு மீன்களோடு சண்டை, முள் குத்திய பிறகு தொடங்கும். செம்பல்லியோடு அது கடிப்பதற்கு முன்பே பாதி முடிந்திருக்கும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், ரீலை எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறீர்கள், லூரை எந்தத் திசையில் இழுத்து வருகிறீர்கள் என்பதை வைத்தே ஜெயிப்பது யார் என்று முடிவாகிவிடும்.

யார் இந்தச் செம்பல்லி

ஸ்னாப்பர் என்பது பெரிய குடும்பம். மீன் கடையில் சிவப்பாகப் பார்க்கும் சங்கரா அதில் ஒன்று. நான் இங்கே செம்பல்லி என்று சொல்வது உப்பங்கழியிலும் அலையாத்திக் காட்டிலும் வளரும் ஸ்னாப்பரை. ஆங்கிலத்தில் மாங்குரோவ் ஜாக் என்பார்கள். மலையாளிகளுக்கும் இது செம்பல்லிதான். நம் கரையில் ஊருக்கு ஊர் பெயர் மாறும், சில சந்தைகளில் சிவப்பாக இருக்கிற எல்லாமே சங்கராதான். மீன் பெயர் விஷயத்தில் யாரோடும் வாதாடிப் பயனில்லை, ஆளைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வதே நல்லது. வளர்ந்த மீன் துலக்கிப் பல நாளான செப்புக் குடத்தின் நிறம். மேல் தாடையில் முன்பக்கம் நாய்ப்பல் போல நீட்டிக்கொண்டிருக்கும். குஞ்சாக இருக்கும்போது உடம்பில் குறுக்காக எட்டு வெளிர்ப் பட்டைகளும் கன்னத்தில் ஒன்றிரண்டு நீலக் கோடுகளும் இருக்கும். வளர வளர அவை மங்கிவிடும்.

அறிவியல் பெயர் லுட்ஜானஸ் அர்ஜெண்டிமாகுலேட்டஸ், அதாவது வெள்ளிப் புள்ளிக்காரன். இந்தப் பெயரைக் கொடுத்தவர் பீட்டர் ஃபோர்ஸ்கால். டென்மார்க் அரசர் அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் போனவர், செங்கடல் மீன்களைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். 1763-ல் ஏமனிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். குழுவில் உயிரோடு ஊர் திரும்பிய கார்ஸ்டன் நீபூர் அந்தக் குறிப்புகளை 1775-ல் அச்சில் கொண்டுவந்தார். மீனோ செங்கடலோடு நிற்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கிறது. சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள்ளும் புகுந்துவிட்டது.

இதன் உறவினர்கள் இன்னும் முரடர்கள். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இருக்கும் கூபேரா ஸ்னாப்பர் 50 கிலோவைத் தாண்டி வளரும். நியூ கினி ஆறுகளில் பாப்புவன் பிளாக் பாஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயரில் பாஸ் என்று இருந்தாலும் அதுவும் ஸ்னாப்பர்தான். மேற்கு ஆப்பிரிக்காவில், முக்கியமாகக் காபோன் நாட்டுக் காயல்களிலும் கடற்கரையிலும், கூபேரா போலவே ஒரு கூட்டம் உண்டு. அளவும் நிறமும் மாறினாலும் எல்லோருக்கும் குணம் ஒன்றுதான், கடித்ததும் வீட்டுக்கு ஓடுவது.

ஏன் ஓடுகிறது

செம்பல்லி துரத்தித் தின்னும் மீன் இல்லை. பாரை போலக் கூட்டம் சேர்ந்து மடவைக் குஞ்சுகளை விரட்டிக்கொண்டு அலையாது. அலையாத்தி வேர் இடுக்கு, பாறைப் பிளவு, மூழ்கிய மரம், பாலத்தூண், கவிழ்ந்து கிடக்கும் படகு, இப்படி எதன் நிழலிலாவது ஒதுங்கி நிற்கும். இறாலோ நண்டோ சின்ன மீனோ கைக்கெட்டும் தூரத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல். பிடித்த அதே வீச்சில் திரும்பி நிழலுக்குள் போய்விடும். வெளியே நின்று மென்றுகொண்டிருந்தால் அதைத் தின்ன இன்னொன்று வரும் என்பது அதன் ரத்தத்தில் ஊறிய கணக்கு.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் லூரைக் கவ்வும்போது அது உங்களிடமிருந்து தப்பிக்க ஓடவில்லை. நீங்கள் ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது. வழக்கம்போல் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். முள் குத்தியது உறைப்பதற்குள் முழு வேகத்தில் பாதி வழி போயிருக்கும். நீங்கள் "ஆகா, மாட்டிக்கொண்டது" என்று நினைக்கும் நேரத்தில் அது வாசல்படி ஏறிக்கொண்டிருக்கும்.

கொடுவாயோடு ஒப்பிட்டால் இன்னும் புரியும். கொடுவாயும் இதே மாதிரி இடங்களில்தான் நிற்கும், இதே லூரைத்தான் கடிக்கும். ஆனால் மாட்டியதும் பெரும்பாலும் மேலே வந்து தலையை உதறிக் குதிக்கும். பார்க்க அழகு, நமக்கு மூச்சு விடவும் நேரம் கிடைக்கும். செம்பல்லி குதிக்காது. கீழே, உள்ளே, இருட்டுக்கு. அங்கே வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி இருக்கும். இழுபட்டு இறுகி நிற்கும் நரம்பு அதில் ஒருமுறை உரசினால் போதும்.

இடம் பார்ப்பது

லகூன் என்பதற்கு நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. காயல், உப்பங்கழி, ஈழத்தில் களப்பு. மட்டக்களப்பின் பெயரிலேயே களப்பு உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பெயரில் இருந்தாலும் பார்க்க வேண்டியவை இரண்டு: நிழல், நீரோட்டம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் செம்பல்லி நிற்கும். தூணின் எந்தப் பக்கம் தண்ணீர் சுழித்து மந்தமாக நிற்கிறதோ, அந்தப் பக்கம் முதலில் லூரைப் போடுங்கள். ஓடும் தண்ணீர் இரையைக் கொண்டுவந்து கொடுக்கும். மந்தமான பக்கத்தில் நின்றால் உடம்புக்கு வேலை இல்லை. சோம்பேறியாக இருந்தால்தான் பதுங்கி வேட்டையாட முடியும்.

வெளிநாட்டு விளக்கங்களைப் படித்தால் நீர் வற்றும் நேரத்தில் போ, ஓடை வாயில் நில் என்று எழுதியிருப்பார்கள். ஏற்றவற்றம் பல மீட்டர் இருக்கும் வட ஆஸ்திரேலியாவுக்கு அது அப்படியே பொருந்தும். அலையாத்திக் காட்டுக்குள் ஏறிய தண்ணீர் வடியும்போது குட்டி இறாலும் மீன் குஞ்சும் ஓடை வழியாக வெளியே வந்துதானே ஆக வேண்டும், செம்பல்லி வாசலில் காத்திருக்கும். நம் கிழக்குக் கரையில் ஏற்றவற்றம் பெரிதில்லை. சென்னையில் நல்ல பௌர்ணமிக்கும் ஒரு மீட்டரை ஒட்டித்தான், இலங்கையில் அதைவிடவும் குறைவு. நமக்கு முக்கியம் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பது. வெயில் காலத்தில் மணல் மேடிட்டு வாய் அடைந்துபோகும் காயல்கள் நிறைய. அப்போது உள்ளே தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து வாயை உடைத்துக்கொண்டு போனபின் முகத்துவாரத்தை ஒட்டி ஓட்டம் பிறக்கும். கலங்கல் கொஞ்சம் தெளியத் தொடங்கும் நாட்கள் நல்ல நாட்கள். வேளை என்று பார்த்தால் விடியலும் அந்தியும், மேகம் மூடிய பகலும்.

பிச்சாவரம் மாதிரி வனத்துறை பொறுப்பில் இருக்கும் காடுகளில் கேட்காமல் ராடை விரிக்காதீர்கள். பழவேற்காடு ஏரியிலும் பறவைகள் சரணாலயப் பகுதி இருக்கிறது. எங்கே விடுவார்கள், எங்கே விடமாட்டார்கள் என்று அந்த ஊர் மீனவரைக் கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை. வலை விரித்திருக்கும் பக்கம் லூரை வீசவே வீசாதீர்கள். மூன்று முள் கொண்ட லூர் ஒன்று வலையில் சிக்கிக் கிடந்தால், மறுநாள் இருட்டில் வலை இழுக்கும் ஒருவரின் உள்ளங்கையில்தான் அது இறங்கும்.

லூர் என்ற ஏமாற்று

லூர் என்றால் பொய் இரை. மரம், பிளாஸ்டிக், ரப்பர், உலோகம், எதிலும் இருக்கும். இது முழுக்க வெளியூர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். கடலில் ஓடும் படகின் பின்னால் வெள்ளை இறகும் மினுங்கும் நூலும் கட்டிய முள்ளை இழுத்துப் பெரிய மீன் பிடிப்பது நம் மீனவர்களுக்குப் புதிதில்லை. ராடும் ரீலும் வைத்து ஓரிடத்தில் நின்று வீசுவதுதான் நமக்குச் சமீபத்தில் வந்த பழக்கம்.

தொடங்குகிறவருக்கு மூன்று வகை போதும். முதலாவது, மூக்கில் சின்னக் கரண்டி போல நாக்கு நீட்டிய, 'மின்னோ' என்ற மீன் வடிவ லூர், 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்தில். இழுத்தால் தண்ணீர் அந்த நாக்கை அழுத்த, லூர் தலை கீழ்நோக்கிச் சாய்ந்து ஆழத்துக்குப் போகும், உடம்பு துடிக்கும். மிதக்கும் ரகமாக வாங்குங்கள். வேரில் முட்டியது போல் தெரிந்தால் சுற்றுவதை நிறுத்தினால் போதும், தானாக மேலே வந்துவிடும். இரண்டாவது, ஈயத் தலை முள்ளில் கோத்த ரப்பர் மீன். வால் துடுப்பு மாதிரி இருக்கும் ரகம். விலை குறைவு. வேரில் சிக்கித் தொலைந்தாலும் மனசு ஆறும், தொலையத்தான் போகிறது. மூன்றாவது பாப்பர். முகம் குழிந்திருக்கும், வெடுக்கென்று இழுத்தால் நீர்ப்பரப்பில் 'ப்ளக்' என்று சத்தம் போடும். மங்கல் வெளிச்சத்தில் பாப்பரை ஒரு செம்பல்லி அடித்தால் தண்ணீரில் செங்கல் விழுந்த மாதிரி இருக்கும். அதை ஒருமுறை பார்த்தவர்கள் மற்ற இரண்டையும் பெட்டியிலேயே வைத்துவிடுவார்கள். எனக்கும் அந்தப் பலவீனம் உண்டு.

நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு வேதம் ஓதுவார்கள், நான் அதில் தலையிடுவதில்லை. இடம்தான் முக்கியம். தூணிலிருந்து இரண்டு முழம் தள்ளி விழுந்த நல்ல லூரைவிட, தூணைத் தொட்டு விழுந்த மட்ட லூர் மேல். இன்னொன்று, விடாமல் சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் கடி வரும். பயந்து ஓடும் குஞ்சு ஒரு கணம் குழம்பி நிற்பது போல அதற்குத் தோன்றும் போலிருக்கிறது.

வாங்கிய லூரில் கூடவே வரும் முட்களை நம்பாதீர்கள். பல லூர்களில் சாதாரண மீனுக்கான மெல்லிய மும்முள்தான் இருக்கும். செம்பல்லியின் தாடை அதை நிமிர்த்திவிடும். தடித்த ஒற்றை முள்ளாக மாற்றிவிட்டால் வேரில் சிக்குவதும் குறையும், மீனை அவிழ்த்து விடுவதும் சுலபம்.

டிராக்: இதைப் படிக்காமல் போகாதீர்கள்

ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையை ஒரு பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். அதுதான் டிராக். மீன் இழுக்கும் வேகம் அந்தப் பிடியைத் தாண்டினால் உருளை வழுக்கி நரம்பை விடும். பிடி அதிகமாக இருந்தால் நரம்பு அறும், குறைவாக இருந்தால் மீன் விரும்பிய இடத்துக்குப் போகும். சைக்கிள் பிரேக் மாதிரிதான், ஆனால் மலையிறக்கத்தில்.

நரம்பு பற்றி முதலில். நாம் பரம்பரையாகப் பயன்படுத்தும் நைலான் நரம்பு இழுத்தால் நீளும். முப்பது மீட்டர் நரம்பு வெளியே இருக்கும்போது மீன் முதல் அடி எடுத்து வைத்தால் அந்த நீட்சியிலேயே இரண்டு மூன்று மீட்டர் போய்விடும், ரீல் ஒரு சுற்றும் சுற்றியிருக்காது. செம்பல்லிக்கு இரண்டு மீட்டர் என்றால் வீடு. அதனால்தான் கிட்டத்தட்ட நீளாத பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு. 30 முதல் 40 பவுண்டு தாங்கும் ரகம் போதும். பிரெய்டுக்கு ஒரு கெட்ட குணம், இறுகி இருக்கும்போது சிப்பி பட்டால் சட்டென்று அறுந்துவிடும். அதனால் கடைசியில் ஒன்றரை மீட்டர் அளவுக்கு 50 பவுண்டு தடித்த நைலானோ ஃப்ளூரோகார்பனோ கட்டுவார்கள். இதற்கு லீடர் என்று பெயர். இரண்டையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு என்று ஒன்று இருக்கிறது. கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் ஆகும். தண்ணீருக்குப் பக்கத்தில் காற்றடிக்கும்போது முதல்முறை முயற்சி செய்யாதீர்கள், வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பழகுங்கள்.

இப்போது டிராக் எவ்வளவு? நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. 40 பவுண்டு என்றால் சுமார் 18 கிலோ, மூன்றில் ஒன்று 6 கிலோ. கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். ஆனால் ஏழடி ராடின் நுனியில் இழுப்பு வரும்போது நெம்புகோலின் தவறான முனையில் நிற்பது நீங்கள். சந்தேகம் இருந்தால் ஏழடி மூங்கில் கம்பு ஒன்றின் நுனியில் ஒரு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு, அடியைப் பிடித்துக் கிடையாக நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு சொல்லும். அதனால் தொடங்குகிறவர் 4 கிலோவில் வைத்துப் பழகுவது உத்தமம்.

அந்த 4 கிலோவைக் கைக்கணக்கில் வைக்க முடியாது. விமானத்துக்கு முன் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்குங்கள். ராடை ஒருவர் பிடித்துக்கொள்ள, நரம்பு முனையைத் தராசுக் கொக்கியில் கட்டி இன்னொருவர் மெல்லப் பின்னால் நடக்கட்டும். உருளை வழுக்கத் தொடங்கும் நொடியில் தராசில் என்ன எண் என்று பாருங்கள். முதலில் ராடை நேராக நீட்டி ஒருமுறை, அப்புறம் வழக்கமாகச் சண்டை போடும் கோணத்தில் வளைத்து ஒருமுறை. இரண்டாவது எண் கூடுதலாக வரும், வளையங்களில் நரம்பு உரசுவதால். மீன் உணரப்போவது அந்த இரண்டாவது எண்ணைத்தான். என் வீட்டில் தராசைப் பிடிக்கும் வேலை என் தங்கை மகனுக்கு. ஒருமுறை இறுக்கம் தெரியாமல் வேகமாக ஓடி, நரம்போடு சேர்ந்து வாசல் கோலத்தின் மேல் உட்கார்ந்தான். அன்று எண் 7 காட்டியது.

இன்னொரு நுட்பம். உருளையில் நரம்பு குறையக் குறைய அதன் விட்டம் சிறுக்கும். பிரேக் பிடி அதேதான், ஆனால் சின்ன வட்டத்திலிருந்து இழுக்க அதிக பலம் வேண்டும். ஆகவே மீன் நிறைய நரம்பை எடுத்துக்கொண்டு போனபின் டிராக் தானாகவே கூடியிருக்கும். காயலில் இது பெரிய விஷயமில்லை, அங்கே மீன் ஐந்து மீட்டர் போனாலே கதை முடிந்தது. கடற்கரையில் இது முக்கியம்.

கடித்த பிறகு

நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு, ராடைத் தலைக்கு மேல் வெட்டித் தூக்குவது. தக்கைத் தூண்டிலில் கெண்டை பிடித்த கை அப்படித்தான் போகும். நிமிர்ந்த ராடு பார்க்க வீரம், நடைமுறையில் உங்கள் பலத்தையே விழுங்கும் நெம்புகோல். ராடைத் தாழ்வாக, பக்கவாட்டில் வையுங்கள். அடி விழுந்ததும் சுற்றுவதை நிறுத்தாதீர்கள், இன்னும் வேகமாகச் சுற்றுங்கள். படகில் இருந்தால் துடுப்போ மோட்டாரோ வைத்திருப்பவர் அதே நொடியில் படகை வெளிப்பக்கம் நகர்த்தட்டும். தலை உங்கள் பக்கம் திரும்பிவிட்டால் அப்புறம் செம்பல்லியும் சாதாரண மீன்தான்.

இதற்காகத்தான் எங்கே நிற்பது, எந்தத் திசையில் இழுப்பது என்பதை முதலிலேயே சொன்னேன். தூணுக்கு நேர் எதிரே நின்றால் மீன் உங்களுக்கு எதிர்த் திசையில் ஓடும், நீங்கள் அதன் முழு எடையை இழுக்க வேண்டும். வேர் வரிசைக்கு இணையாக, ஓரத்தில் நின்று வீசினால் அது பக்கவாட்டில் திரும்பும்போது தலையைச் சாய்க்க முடியும். ஓடும் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பக்கத்தில் நின்று இழுப்பதற்கும் பின்னால் நின்று இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

சில நேரம் மீன் வேருக்குள் போயும் நரம்பு அறுந்திருக்காது. அப்போது இழுக்க இழுக்க மோசமாகும். முற்றிலும் தளர்த்திவிட்டு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். ஆபத்து போய்விட்டது என்று நினைத்து அதுவே வெளியே வருவதுண்டு. பத்தில் ஒருமுறையாவது எனக்கு இது பலித்திருக்கிறது.

அலைக்கரையில்

செம்பல்லிக் குடும்பம் காயலோடு நிற்பதில்லை. நம் செம்பல்லி குஞ்சாகக் கழிமுகத்துக்கு வந்து, சில வருடம் அங்கே வளர்ந்து, பெரிதானபின் கடலுக்குப் போய்ப் பாறைகளில் குடியேறும். 100 மீட்டருக்கு மேல் ஆழத்திலும் வாழும். போகும் வழியில் முகத்துவாரமும் அதை ஒட்டிய அலைக்கரையும் இருக்கின்றன.

அலைக்கரை லூர் வேட்டைக்கு உலகத்தில் பேர் போன இடங்களில் ஒன்று காபோன். 1999-ல் மைக் ஃபே என்ற அமெரிக்கச் சூழலியலாளர் மத்திய ஆப்பிரிக்கக் காடுகளை நடந்தே கடக்கப் புறப்பட்டு 2000-ல் காபோன் கடற்கரையில் முடித்தார். அந்தப் பயணம் கொடுத்த உந்துதலில் 2002-ல் காபோன் அரசு ஒரே நேரத்தில் 13 தேசியப் பூங்காக்களை அறிவித்தது. அதில் ஒன்றான லொவாங்கோவின் கடற்கரையில் யானை மணலில் நடக்கும், நீர்யானை அலையில் இறங்கும். அங்கே காயல் வாய் கடலில் கலக்கும் இடத்தில் நின்று, உடையும் அலைக்குள் பெரிய பாப்பரை வீசினால் கூபேராவோ, பாரையோ, டார்பன் என்ற பெரிய வெள்ளி நிற மீனோ எது வரும் என்று சொல்ல முடியாது. ராத்திரி தூண்டில்காரர் மீனைவிட நீர்யானைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

நம் கரையில் அலையைப் படிப்பது எப்படி? வெள்ளை நுரை வரிசையாக உடையும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். அங்கே பள்ளம் இருக்கிறது. கரைக்கு வந்த தண்ணீர் அதன் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. வேட்டை மீன் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கும். கடற்கரைக்கு வருகிறவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று குளிக்க இறங்கி இழுபட்டுப் போவதும் அதே இடத்தில்தான். லூரை அங்கே போடுங்கள், காலை வைக்காதீர்கள்.

பாறை இல்லாத மணல்கரையில் டிராக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம். மீனுக்குப் பக்கத்தில் ஓடி ஒளிய வீடு இல்லை, போகட்டும், களைத்து வரட்டும். ஒன்பது பத்தடி ராடு, 30 முதல் 60 கிராம் லூர், நிறைய நரம்பு. ஆனால் கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டியிருக்கிறார்களே தூண்டில் வளைவு, அதன் மேல் நின்றால் காயல் விதிதான். பெயரே தூண்டில் என்றாலும் அந்தக் கற்களின் இடுக்கு முழுக்க செம்பல்லிக்கும் களவாவுக்கும் வீடு. பாசி படிந்த கல்லில் செருப்போடு ஏறாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

கையில் வந்த மீன்

முதலில் இடுக்கி. அந்தப் பல்லுக்கு முன் விரலைக் கொண்டுபோகாதீர்கள், முதுகு முள்ளும் குத்தும். கையை நனைத்துக்கொண்டு வயிற்றுக்கு அடியில் தாங்கிப் பிடியுங்கள்.

சாப்பிடலாமா என்றால், தாராளமாக. வெள்ளைச் சதை, கெட்டியாக, புளிக்குழம்பில் உடையாமல் நிற்கும். சிங்கப்பூர்த் தமிழர்கள் மீன் தலைக்கறிக்கு இந்தக் குடும்பத்தின் தலையைத்தான் தேடுவார்கள். பவளப்பாறைப் பகுதிகளில் பிடித்த பெரிய ஸ்னாப்பர்களில் சிகுவாடெரா என்ற நச்சு சேர்ந்திருக்கலாம், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. அந்த மாதிரித் தீவுகளுக்குப் போனால் உள்ளூர்க்காரர் தின்னாத மீனை நீங்களும் தின்னாதீர்கள்.

ஆனால் காயலில் பிடித்ததை நான் பெரும்பாலும் திருப்பி விட்டுவிடுகிறேன். செம்பல்லி முப்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன். முட்டையிடுவது வெளிக் கடலில். காயலில் நம் கையில் வருவதெல்லாம் இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத பிள்ளைகள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 35 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அது முட்டையிடும் பருவத்துக்கும் குறைந்த அளவுதான்.

அந்தப் பாலத்தூணில் எனக்கு முதல் செம்பல்லி கரையேறியது ஏழாவது தடவை போனபோது. கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ, முள் வாயோரத்தில் குத்தியிருந்தது. அந்தப் பெரியவரும் அன்று இருந்தார், இம்முறை எழுந்து வந்து பார்த்தார். தண்ணீரில் இறக்கியதும் என் உள்ளங்கையில் ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு வாலை ஒருமுறை உதறிக்கொண்டு நேராக அந்தத் தூணுக்கே போயிற்று.